ஒரு பையோடு கப்பலேறியவள்

எங்கள் தோட்டத்திலிருந்து ஊருக்குக் கப்பலேறியவர்கள் எல்லோரும் ஏழெட்டுப் பெட்டியோடுதான் போனார்கள். நான் ஒரே ஒரு பையோடு போனேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றுவரை கர்வம் உண்டு. கர்வம் கூடாது என்பவர்கள், அந்த நாளில் எங்கள் தோட்டத்துக் கேட்டை ஒருமுறை தாண்டிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

மலாயாவில் புலாவ் செபாங் ரயிலடியிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசரகாலம் வந்து நாலாவது வருஷம். சிதறிக் கிடந்த கூலி வீட்டு வரிசைகளான லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் இரண்டு வரிசை முள்கம்பி போட்டு, போக வர ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதனை போட்டார்கள். அரிசி, சர்க்கரை, கருவாடு, மருந்து, டின்னில் அடைத்த எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிற நாங்கள் ஒரு வாய்ச் சோறுகூடக் கட்டிக்கொண்டு போக முடியாது. வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு, லயத்துக்குத் திரும்பித்தான் சாப்பிடுவோம். ஒரு பிடி அரிசிக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு.

இந்தக் கேட்டின் வழியாகத்தான் கப்பலேறுகிறவர்களின் பெட்டிகளும் போக வேண்டும். அதில் பாதி அவர்களுடைய சாமானே இல்லை. யார் ஊருக்குப் போனாலும் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அண்ணனுக்குக் கம்பளி, தங்கச்சிக்குப் பவுடர் டப்பா, மச்சானுக்குக் குடை, யாரோ ஒரு பிள்ளைக்குப் பிஸ்கட் டின். எல்லாவற்றையும் துணியில் சுற்றி, ஊசியால் தைத்து, மேலே மையால் ஊர் பேர் எழுதியிருக்கும். மாட்டேன் என்று சொல்லும் வழக்கமே கிடையாது. நாளைக்கு நமக்கும் ஒரு பொட்டலம் அனுப்ப ஆள் வேண்டுமே என்கிற பயம் எல்லோருக்கும் இருந்தது.

முந்தின வருஷம் எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக் குடும்பம் பதினோரு உருப்படியோடு கிளம்பியது. கேட்டில் ஒவ்வொரு பொட்டலமாகத் தையலைப் பிரித்தார்கள். பிஸ்கட் டின்னைக் கம்பியால் குத்தினார்கள். கம்பளியை உதறினார்கள். தோட்டத்து லாரி, கூட வரும் காவல் வண்டியோடு சேர்ந்துதான் டவுனுக்குப் போக முடியும், யாருக்காகவும் நிற்காது. லாரி போனது, பின்னாலேயே ரயிலும் போனது, கப்பலும் போய்விட்டது. அந்த வீட்டு அண்ணன் கேட்டருகில் பிரித்துப் போட்ட சாமான்களுக்கு நடுவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை நான் மரம் வெட்டிவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன்.

எனக்கு அப்படி ஆகக் கூடாது. சண்டைக்கு முந்தின வருஷம், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அம்மா ஆறு வயதான என் தங்கையை மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். மூன்று மாதத்தில் திரும்புவதாக ஏற்பாடு. ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது. அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள்; அவர் திரும்பவில்லை. எனக்குப் பதினாறு வயதில் லயத்துச் சனங்களே பார்த்து ஒரு நல்ல மனிதருக்குக் கட்டி வைத்தார்கள். தாலி ஏறிய நேரத்தில் என் பக்கம் என்று சொல்லிக்கொள்ள ஈ காக்கை இல்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு ஆறவே இல்லை.

சண்டை முடிந்த பிறகும் அம்மாவால் வர முடியவில்லை. ஒரு வருஷம் உடம்பு சரியில்லை, ஒரு வருஷம் கையில் காசில்லை, அதற்கப்புறம் திரும்பி வரப் பெர்மிட் கிடைக்கவில்லை. இதற்கிடையில் தங்கை வளர்ந்து, அவளுக்குக் கல்யாணம் என்று கடிதம் வந்தது. வைகாசி பிறந்ததும் முகூர்த்தம். அவளுக்கும் அப்பா இல்லை, கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லை. நான் ஒருத்தியாவது அவள் பக்கத்தில் நின்றே தீர வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன்னால் நாகப்பட்டினம் போய்ச் சேர ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது.

வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. எங்களுக்கு அப்போது பிள்ளையும் இல்லை. மெர்லிமாவிலிருந்து ஒரு குடும்பம் அதே கப்பலில் போகிறது என்று விசாரித்து, அவர்களோடு என்னை அனுப்பச் சம்மதித்தார். நான் மாவு மூட்டைத் துணியை வெளுத்து ஒரு பை தைத்தேன். அதில் மாற்றிக் கட்ட இரண்டு நூல் சேலை. முகூர்த்தத்துக்கு ஒரு பட்டு, அதை உருட்டி நடுவில் வைத்துச் சுற்றிலும் ரவிக்கைகளைச் செருகினேன். விரிக்கவும் போர்த்தவும் ஒரே ஒரு கைலி போதும். சாப்பிட ஓர் எனாமல் மங்கு, அதற்குள்ளேயே சீப்பும் சோப்பும் அடங்கின. தங்கைக்குப் போட வாங்கிய தோட்டை என் காதிலேயே மாட்டிக்கொண்டேன். கட்டுச்சோறு கொண்டுபோகத்தான் சர்க்காரே விடவில்லை, அந்தச் சுமையும் குறைந்தது.

"நீ ஊருக்குப் போறியா, இல்ல சீனன் கடைக்குப் போறியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "ஒரு கம்பளியாச்சும் எடுத்துக்க."

"சித்திர வெயில்ல கம்பளி எதுக்குங்க? கப்பல் மேல்தட்டுல படுக்கப் போறேன். வேணும்னா நீங்க போத்திக்கிட்டு இங்க படுங்க."

அவர் சிரித்துவிட்டார். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும்.

லயத்துச் சனங்களிடம் சொல்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லோரும் கூடியிருக்கும்போது போட்டு உடைத்தேன்.

"கடுதாசி குடுங்க, அங்க போய்த் தபால்ல போட்டுடறேன். வாயால எதாச்சும் சொல்லணுமா, சொல்லுங்க, எழுதி வச்சுக்கிறேன். சாமான் மட்டும் வேணாம்லா. போன வருஷம் எல்லாரும்தான பாத்தோம்?"

யாரோ ஒருத்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே கங்காணி வீட்டம்மா என் வீட்டுக்கு வந்தாள். தலையில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி. கங்காணி வைத்ததுதான் எங்கள் தோட்டத்தில் சட்டம்; அவர் மனைவி வைத்ததுதான் கங்காணிக்குச் சட்டம்.

"எந் தம்பி மகளுக்குச் சடங்கு புள்ள. நானே சுமந்துட்டு வந்திருக்கேன் பாரு."

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்களுக்கு வாங்கினா நாப்பது வீட்டுக்கும் வாங்கணும்."

"அப்ப நானும் நாப்பதுல ஒண்ணா?"

"ஆமாக்கா."

சொல்லிவிட்டேன். அவள் பெட்டியைத் திரும்பத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். வீட்டுக்காரருக்கு நாளைக்கே கஷ்டமான மேட்டுக் காட்டில் வேலை போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கிளம்புகிற நாள் வரைக்கும் குழாயடியில் ஒருத்தியும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பாட்டுக்கு வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன். உள்ளுக்குள் அழுகை அழுகையாக வந்தது, அதை அவர்களிடம் காட்டிக்கொள்ளத்தான் எனக்கு மனமில்லை.

கிளம்பும் நாள் விடிந்ததும் குளித்துவிட்டு வந்து பையைத் தூக்கினேன். கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. பயத்தில் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன். கேட்டுக்கு வெளியே லாரி ரப்பர் ஷீட்டுகளோடு நின்றது, காவல் வண்டியும் தயார். எனக்கு முன்னால் இரண்டே பேர். ஒரு பைதானே, ஒரு நிமிஷத்து வேலை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சோதனை போடுகிற மலாய்ப் பெண் தினமும் என்னைப் பார்க்கிறவள்தான். பைக்குள் கைவிட்டவள், பட்டுச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி மூட்டையை எடுத்தாள். நான் வைத்ததில்லை அது. முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு காட்டிக்குக் குறையாமல், அரைக் கிலோவுக்கும் மேலே, மஞ்சள் தடவிய அரிசி.

"பெராஸ்!" என்றான் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றவன். அரிசி என்று அர்த்தம். அந்தக் கேட்டில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. மீசை நரைத்த மலாய்ப் போலீஸ் சார்ஜன் எழுந்து வந்தார்.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அட்சதை. என் தங்கையின் தலையில் போட வீட்டுக்கு ஒரு பிடியாகச் சேர்த்திருக்கிறார்கள். பங்கீட்டு அரிசியில், தங்கள் பிள்ளைகளின் கஞ்சியிலிருந்து எடுத்தது. இத்தனை வருஷமாக அந்தக் கேட்டில் நித்தம் சோதனைக்கு நிற்கிறவர்களுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். மஞ்சளைத் தடவிக் கும்பிட்டு எடுத்த பிறகு அது அரிசி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாது. சோறு வேறு, அட்சதை வேறு. நானே கட்டியிருந்தாலும் எனக்கும் தோன்றியிருக்காது.

யார் கொடுத்தது என்று சார்ஜன் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். கம்பிக்கு உள்ளே வேலைக்குப் போக வரிசையில் நின்ற பெண்கள் எல்லோருடைய முகமும் வெளிறிப் போயிருந்தது. தெரியாது என்றால் என்னை ஸ்டேசனுக்குக் கொண்டுபோவார்கள். தெரியும் என்றால் நாற்பது வீடும் மாட்டும். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். என் கப்பல் அப்போதே என் கண்ணுக்கு முன்னால் நகர்ந்து போவது போல இருந்தது.

"நான்தான் வச்சேன்," என்று ஒரு குரல் வந்தது. கங்காணி வீட்டம்மா வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ குளிக்கப் போனப்ப நான்தான் உள்ள வச்சேன்." பிறகு என்னைப் பார்த்து, "சாமான்தான வேணாம்ன? இதக் கூடவா வேணாம்ப?" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு என் மேல் கோபம் தீரவில்லை.

சோதனைப் பெண் அரிசியை விரலால் அளைந்து பார்த்தாள். "பெராஸ் குஞிட்," என்றாள் சார்ஜனிடம் மெதுவாக. மஞ்சள் அரிசி. அவர்கள் கல்யாணத்திலும் மாப்பிள்ளை பெண் மேல் அதைத்தான் தூவுகிறார்கள். "காவின்?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம், கல்யாணம், என் தங்கைக்கு என்று தலையாட்டினேன். சார்ஜன் முகத்தில் ஏதோ இளகியது. ஆனாலும் மீசையைத் தடவிக்கொண்டு, வெளியே போக முடியாது, அரிசி அரிசிதான் என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த கொச்சை மலாயில் சத்தமாகச் சொன்னேன்: "பெராஸ் திங்கால், சாயா பெர்கி." அரிசி இங்கேயே இருக்கட்டும், நான் போகிறேன். அவருக்குப் புரியவில்லை. நான் கங்காணி வீட்டம்மாவிடம் மூட்டையைக் கொடுத்து, கேட்டுக்கு உள்பக்கம் நாலடி தள்ளிப் போய்த் தலையைக் குனிந்து நின்றேன்.

"எந் தங்கச்சி தலைன்னு நெனச்சு எந் தலையில போடுங்கக்கா. நான் கொண்டு போய்ச் சேக்குறேன்."

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒரு கைப்பிடி அள்ளி என் உச்சியில் போட்டாள். "நல்லா இரு," என்றாள். யாருக்குச் சொன்னாளோ, எனக்கோ தங்கைக்கோ. அடுத்தவள் வந்தாள், அதற்கடுத்தவள். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வரிசை முழுக்க வந்தது. ஒரு வாரமாக என்னிடம் பேசாதவர்கள் அத்தனை பேரும் அள்ளி அள்ளிப் போட்டார்கள். சோதனைப் பெண்ணும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. என் கல்யாணத்தில்கூட இவ்வளவு அரிசி என் மேல் விழவில்லை.

பிறகு சார்ஜன் தன் வேலையைச் செய்தார். என் கொண்டையை அவிழ்த்து உதறச் சொன்னார். சோதனைப் பெண் என் முந்தானை, கொசுவம், ரவிக்கை மடிப்பு எல்லாவற்றையும் தட்டினாள். ஒரு மணி ஒட்டாமல் கீழே விழுந்ததும் லயத்துக் கோழிகள் ஓடிவந்து கொத்த ஆரம்பித்தன. சார்ஜன் கோழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை அசைத்தார். தலைவிரி கோலமாக, ஒரு பையோடு, ஓடிப் போய் லாரியில் ஏறினேன். பின்னாலிருந்து கத்தினார்கள், சிரித்தார்கள், யாரோ குலவையும் போட்டார்கள். லாரிக்காரர், "கல்யாணம் உனக்காம்மா?" என்று கேட்டார்.

ரயிலடியில் மெர்லிமாவ் குடும்பத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன், அண்ணி, ஒன்பது பெட்டி. அதில் இரண்டைக் கட்டிய கயிறு அறுந்து, அண்ணன் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தார். கப்பலிலும் அவர்களுக்கு நிம்மதி இல்லை. மேல்தட்டைத் தினமும் காலையில் மாலுமிகள் குழாய் வைத்துக் கழுவுவார்கள். அண்ணனும் அண்ணியும் ஒன்பது பெட்டியையும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுப்பார்கள், கழுவி முடித்ததும் திரும்ப இழுப்பார்கள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்ப்பேன். மனசு கேட்காமல் பிறகு நானும் போய் இழுப்பேன். ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு மற்றதைத் துவைத்துப் போட்டால் காற்றில் அரை மணியில் காய்ந்துவிடும். நான்காம் நாள் அண்ணி என் பையை எடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீதான் புள்ள கெட்டிக்காரி," என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கப்பல் பினாங்கிலேயே இரண்டு நாள் கூடுதலாக நின்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் நங்கூரம் போட்ட காலையில், மறுநாள் விடிந்தால் முகூர்த்தம். அங்கே கப்பல் கரைக்கு வராது. கடலில் நிற்கும், படகில்தான் இறங்கிப் போக வேண்டும். பெட்டிகளை வலையில் கட்டி இறக்கி, சுங்கக் கொட்டகையில் அடுக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குள் இன்று முடியாது, நாளையும் சந்தேகம் என்றார்கள். அண்ணி என் தோளைத் தொட்டு, "எங்களுக்காக நிக்காத, போ," என்றாள். முதல் படகில் நான் ஏறினேன். சுங்க அதிகாரி என் பைக்குள் பார்த்தார்.

"மிச்ச சாமான்?"

"இவ்வளவுதாங்க."

"மலாயாவிலேர்ந்தா வர்றே?"

"ஆமாங்க."

நம்பாமல் மறுபடியும் பார்த்தார். பிறகு சாக்கட்டியால் பையில் ஒரு கோடு போட்டு அனுப்பினார். கொட்டகையிலிருந்து முதலில் வெளியே வந்தவள் நான்தான்.

பஸ் பிடித்து, இறங்கி, இரண்டு மைல் நடந்து ஊருக்குள் போகும்போது சாயங்காலம். வாசலில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார்கள். அங்கே ரோட்டைப் பார்த்தபடி நரைத்த தலையோடு ஒருத்தி நின்றாள். நின்ற விதத்திலேயே அம்மா என்று தெரிந்துவிட்டது. நான் நேரே அவள் முன்னால் போய் நின்றேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் விட்டுப்போன பிள்ளை இருபத்து மூன்றில் வந்து நின்றால் எப்படித் தெரியும்? அறிவுக்கு அது புரிந்தது. நெஞ்சுதான் வலித்தது.

"கல்யாணத்துக்கா வந்தீங்க? உள்ள போங்கம்மா," என்றாள். அவள் கண் என் தோளுக்குப் பின்னால் ரோட்டிலேயே இருந்தது. "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. மலாயாவுலேருந்து எம் பெரிய மக வர்றா. கப்பல் வந்துருச்சாம். வண்டி திரும்ப எடம் வேணும்."

மலாயாவிலிருந்து வருகிறவர்கள் என்றால் மாட்டுவண்டி நிறையப் பெட்டியோடு வருவார்கள். அந்த ஊர் பார்த்தது அதுதான். அவள் மகளைத் தேடவில்லை, மகள் வரும் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வண்டி வராதும்மா," என்றேன். "மகதான் வந்திருக்கேன்."

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. உள்ளே இருந்து தங்கை ஓடிவந்தாள், மஞ்சள் பூசிய முகத்தோடு. ஆறு வயதில் போனவள் என்னைவிட உயரமாக இருந்தாள்.

மறுநாள் தாலி ஏறும்போது நான் அவள் பக்கத்தில் நின்றேன். நான் காதில் போட்டு வந்த தோடு அவள் காதில் மின்னியது; அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணியும் ஒன்பது பெட்டியும் அந்த நேரம் சுங்கக் கொட்டகையில்தான் இருந்திருப்பார்கள். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் சாப்பிட எழுந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். முந்தின நாளிலிருந்து ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான்.

"ஏன் சம்பந்தி, மலாயாக்காரி வெறுங்கையோடயா வந்தா? என்னதான் கொண்டாந்தா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல காரமான பதில் நாக்கு நுனியில் இருந்தது. அம்மா முந்திக்கொண்டாள்.

"எம் மகளக் கொண்டாந்திருக்கா," என்றாள்.